பைக்கட்டு படுத்த தொட்டில்

பிள்ளைகளே, நீங்கள் காட்டெருமைக்குப் பயப்படுகிறீர்கள், கரடிக்குப் பயப்படுகிறீர்கள். சாயங்காலம் தேயிலைக்குள் ஏதாவது அசைந்தால் ஓடி வந்து என் லுங்கியைப் பிடித்துக்கொள்கிறீர்கள். அது நல்ல பயம்தான், இருக்கட்டும். எட்டு வயதில் எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. நான் ஒரு சேலைத்துணிக்குப் பயந்தேன். நாலு நாள் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லாமல் இருந்ததுதான் தப்பு. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் பைக்காராவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, தூளைப் பெட்டியில் அடைக்கிற இடத்தில். அம்மா கொழுந்து எடுப்பாள். இரண்டு பேரும் இலங்கைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர்கள். அங்கே பேசிய பேச்சை இங்கேயும் விடவில்லை. வரிசை வீட்டை லயம் என்பார்கள், அறையைக் காம்பரா என்பார்கள். எங்கள் வீட்டில் முன்னால் அடுப்படி, பின்னால் ஒரு காம்பரா, அவ்வளவுதான். காம்பராவுக்கு ஒரே ஒரு சன்னல். அதைத் திறந்து கையை நீட்டினால் தேயிலைச் செடியைத் தொடலாம்.

அது ஆடி மாதம். உங்களுக்கு மழைக்கு லீவு விட்டால் போனில் செய்தி வந்துவிடுகிறது. எங்களுக்கு வாத்தியார் வரவில்லை என்றால் லீவு. ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதால், நான் சொல்லும் அந்த வாரம் முழுக்க வாத்தியார் வரவில்லை. மழை என்றால் இப்போது பெய்கிற மாதிரி வந்து போகிற மழை இல்லை. தகரத்தின் மேல் யாரோ கல் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி, காலையில் தொடங்கினால் பேசுகிற பேச்சு கேட்காது. துவைத்த துணி ஒரு வாரம் ஆனாலும் காயாது. காயாத துணியின் நாற்றமும் ஈர விறகின் புகையும் சேர்ந்ததுதான் எங்கள் வீட்டு வாசனை.

காம்பராவின் நடுவில் உத்தரத்தில் கயிறு போட்டு, அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தார்கள். துணி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு கட்டை. அதில்தான் பாப்பா தூங்குவாள். பாப்பா என்றால் என் தங்கச்சி. இரண்டு வயது முடிந்து மூன்று மாதம். அம்மாவுக்கு மறுபடியும் வயிறு பெரிதாகி, அந்த மாதம்தான் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

"ஏங்க, இது கால மடக்கித்தான் கெடக்குது. எந்திரிச்சு உக்காந்தா தல கட்டையில இடிக்குது" என்று அம்மா ஒருநாள் சொன்னாள்.

"வர்ற ஆளுக்கு எடம் விடணுமில்ல. கட்டில் ஒண்ணு செஞ்சுட்டாப் போச்சு" என்றார் அப்பா.

கட்டில் செய்ய அப்பாவுக்குத் தெரியாது. பெட்டிக்கு ஆணி அடிக்கத் தெரியும். அதனால் அவர் செய்த கட்டிலும் பெட்டி மாதிரிதான் இருந்தது. உடைந்த தேயிலைப் பெட்டிகள் நாலைந்தை ஃபேக்டரியில் கேட்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து பலகையைப் பிரித்தார். ஓரத்துத் தகரத்தை நெளித்து எடுத்தார், உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்தார். ஈயத்தாளை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். சில்வர் ஓக் கிளையை அறுத்து ஒரு சாண் உயரத்துக்குக் கால். பிள்ளை உருண்டு விழாமல் இருக்க நாலு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பலகை. முடித்து நிமிர்த்தி வைத்தபோது வீடே தேயிலைத் தூள் மணத்தது.

பக்கத்து வீட்டு அத்தை மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். எங்களுக்கு உறவில்லை, பழக்கத்தில் அத்தை. குடையை மடக்கிக்கொண்டே வந்து கட்டிலை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, பொட்டியில போட்டுப் புள்ளைய லண்டனுக்கு அனுப்பப் போறீங்களா?"

"எந்தத் தூள் ரகம், டஸ்ட்டா லீஃபான்னு இன்னும் தெரியலம்மா. தெரிஞ்சதும் அனுப்பிருவோம்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமாட்டுப் பலகையில் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்து அச்சடித்திருந்தது. என், இ, டி. எங்கள் பாடத்தில் அது இருந்தது. நெட் என்றால் வலை. பாப்பா படுக்கப்போகிற கட்டிலில் எதற்கு வலை என்று எழுதியிருக்கிறது என்று யோசித்தேன். பெட்டியில் நிகர எடைக்கும் நெட் என்றுதான் எழுதுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

கட்டிலைக் காம்பராவில் சன்னலுக்குக் கீழே போட்டார்கள். தொட்டிலை அவிழ்க்கவில்லை, அடுத்த மாதம் வருகிற ஆளுக்கு அது வேண்டுமே. ராத்திரி நாங்கள் எல்லோரும் அடுப்படியில்தான் பாய் விரித்துப் படுப்போம். பாப்பா மெதுவாகப் பழகட்டும் என்று, மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் கட்டில் என்று அம்மா சொல்லிவிட்டாள். பாப்பா "மாத்தேன், மாத்தேன்" என்று பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சும்மா இருக்காமல் காலியாகக் கிடந்த தொட்டிலை ஒரு தள்ளு தள்ளினேன்.

"சாமி, வெறுந்தூளிய ஆட்டாத" என்று அத்தை கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். "அதுல படுத்திருந்த கொழந்தைக்கு ஆகாது."

"என்ன ஆகும்?"

"வயித்த வலிக்கும். அப்புறம்..." என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்த "அப்புறம்" என்னிடம் தங்கிவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம். தொட்டில் என்றால் உயரத்தில் தொங்கும், தரைக் குளிர் படாது. கட்டில் தாழ்வு. முந்தின நாள் அதில் படுத்ததும் பாப்பாவின் கால் சில்லிட்டிருந்ததைப் பார்த்து, அப்பா காலையிலேயே கணப்புச் சட்டியில் கரி நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அதில் அடுப்புத் தணலை அள்ளிப் போட்டு, சட்டியைக் கட்டில் ஓரமாக வைத்தாள். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் கணப்பு உண்டு. ஆனால் எப்போதும் வாசற்படியில்தான் வைப்போம், சுற்றி உட்கார்ந்து கை காட்டுவோம். காம்பராவுக்குள் வைத்தது அன்றைக்குத்தான். சூடு போகக் கூடாது என்று சன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்து, கதவையும் சாத்திவிட்டு, "அவ தூங்குற வரைக்கும் கூட இருடா" என்று சொல்லி அம்மா அரிசி புடைக்கப் போனாள்.

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்கு வேலை இல்லை. தொட்டில் எதிரே தொங்கியது. வெறுந்தொட்டிலைத்தானே ஆட்டக் கூடாது என்று ஒரு புத்தி வந்தது. என் பைக்கட்டை எடுத்து அதில் படுக்க வைத்தேன். இப்போது தொட்டில் காலி இல்லை. நன்றாக ஆட்டினேன். கயிறு கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டது. புத்தகம், சிலேட்டு எல்லாம் உள்ளே உருண்டன. பைக்கட்டுக்குத் தாலாட்டுக் கூடப் பாடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலைக்குள் அப்பா ஆணி அடிக்கிற மாதிரி வலி வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

திரும்பிப் பாப்பாவைப் பார்த்தேன். கன்னம் சிவந்து அழகாக இருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. "பாப்பா" என்றேன். கையைத் தூக்கினேன். விட்டதும் கை துணி மாதிரி விழுந்தது.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பைக்கட்டைத் தொட்டிலிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினேன். அப்புறம்தான் கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா பெரிய வயிற்றோடு அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். உள்ளங்காலைத் தட்டினாள். சாரல் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் பாப்பா வாந்தி எடுத்து, பூனைக்குட்டி மாதிரி அழுதாள். அத்தை ஃபேக்டரிக்கு ஓடி அப்பாவைக் கூட்டி வந்தார். அப்பா கம்பளியில் சுற்றி டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போக, நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டு மைல் மழைக்காற்றில் போய்ச் சேருவதற்குள் பாப்பா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கம்பவுண்டர் கூடலூருக்குக் கீழே இருந்து வந்தவர். தமிழும் மலையாளமும் அவருக்கு ஒரே வாயில் வரும். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "பேடிக்கண்டா. கொச்சினு ஒண்ணும் இல்ல. நல்லா காத்து கொள்ளணும், அத்ரேயுள்ளு. வியாழாழ்ச்ச நான் லயத்துக்கு வரும்போ நோக்காம்" என்றார். பேடிக்கண்டா என்றால் பயப்படாதே, கொச்சு என்றால் குழந்தை. கணப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் இருக்கிற சட்டியைப் பற்றி யார் போய்ச் சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "என்னா சொன்னாரு?"

"புள்ளைய நல்லா காத்துக்கொள்ளணும்னு சொன்னாரு." அப்பாவுக்கு அந்த வார்த்தை பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். எங்கள் லயத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். பாத்துக்கணும் என்றுதான் சொல்வோம். படித்தவர் புத்தகத் தமிழில் சொல்கிறார் என்றால் விஷயம் பெரியது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து காக்க ஆரம்பித்தார்கள். சன்னல் சந்துக்கெல்லாம் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டினார் அப்பா. கதவுக்குக் கீழே கிழிந்த கம்பளி. சட்டியில் கரி இரண்டு பங்கு. பாப்பா மத்தியானம் தூங்கும்போது அம்மா பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அத்தை என்னை வாசலில் நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டார். "கண்ணு, நெசத்தச் சொல்லு. வெறுந்தூளிய ஆட்டுனியா?"

"இல்ல அத்தை."

பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பைக்கட்டு இருந்ததே. ஆனால் பைக்கட்டு ஆளாகுமா? அதற்கு உயிர் இல்லையே. உயிர் இல்லாதது கிடந்தால் அது வெறுந்தொட்டில்தானே? இப்படி நான் ஒரு வக்கீல் மாதிரி எனக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் தோற்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மாவுக்கும் தலைவலி. "வயித்துப் புள்ளக்காரிக்குத் தல சுத்தத்தான் செய்யும்" என்று அத்தை சுக்குத் தட்டிக் கொடுத்தார். புதன்கிழமை பாப்பா எதையும் வாயில் வைக்கவில்லை. சாயங்காலம் அப்பா வந்து கதவைத் திறந்து அவளை வெளியே தூக்கினால் கொஞ்சம் தெளிவாள். மறுநாள் மத்தியானம் மறுபடியும் வாடிவிடுவாள். நான் என்ன நினைத்தேன் என்றால், அப்பாவைக் கண்டால் மட்டும் அது பயந்து போய்விடுகிறது, அப்பா இல்லாத நேரத்தில் வந்துவிடுகிறது. அது என்றால் எது என்று எனக்கும் தெரியாது. அது வருவது இந்தத் தொட்டில் வழியாகத்தான் என்று மட்டும் உறுதியாக நம்பினேன்.

தொட்டில் இனி அசையக் கூடாது. அதற்கு ஒரே வழி, நானே பிடித்துக்கொண்டு நிற்பது. செவ்வாயும் புதனும் மத்தியானம் முழுக்க அந்த அடைத்த காம்பராவில், இரண்டு கையாலும் சேலையைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். என் மூச்சு பட்டு அசையுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தலை வெடித்தது. வாயில் தண்ணீர் ஊறியது. அது எனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை என்று பொறுத்துக்கொண்டேன். "எதுக்குடா இங்கனயே நிக்கிற?" என்று அம்மா கேட்டதற்கு, "குளிருதும்மா" என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா கட்டில் பலகையில் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பாப்பாவின் உதட்டு ஓரத்தில் எச்சில் வழிந்திருந்தது. "அம்மா" என்று கூப்பிட்டேன். "ம்" என்றாள், கண் திறக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அந்த "ம்" கூட வரவில்லை.

பிடித்து நிறுத்தினால் போதாது, இதை வீட்டை விட்டே அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. முடிச்சு எனக்கு எட்டாது. அப்பா விறகு வெட்டுகிற கத்தி மூலையில் இருந்தது. தகரப் பெட்டி மேல் ஏறி, சேலையைக் கயிற்றோரமாக அறுத்தேன். கதவு வழியாகப் போனால் அம்மாவைத் தாண்ட வேண்டும், அம்மா மேல் அது பட்டுவிடும். அதனால் சன்னல். கட்டில் பலகையில் காலை வைத்து ஏறி, காகிதத்தைக் கிழித்து, சாக்கைப் பிடுங்கினேன். மழையில் ஊதிப்போன சன்னல் கதவைத் தோளால் முட்டினேன். மூன்றாவது முட்டில் திறந்தது. சேலையைப் பாப்பா மேல் படாமல் சுருட்டிப் பிடித்து, என் பலம் எவ்வளவோ அவ்வளவுக்கு வீசினேன். அது ரொம்ப தூரம் போகவில்லை. நாலு செடி தள்ளி விரிந்து விழுந்தது. பச்சை மேல் கத்தரிப்பூ நிறம்.

காற்றும் மஞ்சு மூட்டமும் காம்பராவுக்குள் புகுந்தன. எனக்கு மூச்சு எளிதாக வந்தது. சேலை போய்விட்டதால்தான் என்று நினைத்தேன்.

அம்மா விழித்தாள். திறந்த சன்னலைப் பார்த்தாள். "காத்துக்கொள்ளணும்னு சொல்லியிருக்கு, எமகாதகா" என்று கையை ஓங்கினாள். அடி என் கன்னத்தில் விழுந்தது, ஆனால் அதில் பலமே இல்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. அப்படியே தரையில் கையூன்றி வாந்தி எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் கம்பவுண்டர் வரும் நாள் என்று வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பிய அப்பாவும் அவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். பின்னாலேயே அத்தை. கம்பவுண்டர் காம்பரா வாசலில் நின்றுவிட்டார். சட்டியைக் காட்டினார்.

"இது எத்ர நாளா இவிட இருக்கு?"

"கட்டில் போட்டதுலேருந்துங்க. தரை குளிருதில்ல."

"சன்னலோ?"

"அடச்சுத்தாங்க வச்சிருந்தோம். இப்ப இவன் தொறந்து தொலச்சிருக்கான்."

"அடைக்க ஆரு பறஞ்சு?"

"நீங்கதானேங்க. காத்துக்கொள்ளணும்னீங்க. நாலு நாளா அவ எடத்த விட்டு நகராமக் காத்துக்கிட்டிருக்கா."

கம்பவுண்டர் அப்பாவையே பார்த்தார். பிறகு உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்து, "ப்பூ" என்று ஊதினார். "இது. இதான் காத்து. கொச்சு இது கொள்ளணும்னுதான் பறஞ்சது."

அவர் சாக்கால் சட்டியைப் பிடித்துத் தூக்கிப்போய் மழையில் வைத்தார். தணல் சீறியது. அம்மாவையும் பாப்பாவையும் வாசலில் உட்கார வைத்தோம். அடைத்த அறையில் கரி எரிந்தால் அதிலிருந்து ஒரு விஷம் வரும் என்றார். புகை இருக்காது, வாடை இருக்காது, தூக்கம் மாதிரி வரும், அப்படியே கொண்டுபோய்விடும். பிள்ளைகளே, இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் மலையில் இன்றைக்கும் குளிருக்கு உள்ளே கரி வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் பார்த்தாலும் கதவைத் திறந்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கால் மணி நேரம் போன பிறகு பாப்பா "பால்" என்று கேட்டாள். அம்மா அழுதாள். அப்பா காம்பராவுக்குள் போய், உத்தரத்தில் தொங்கிய வெறுங்கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தார்.

"தொட்டில எதுக்குடா அறுத்த?"

எல்லாவற்றையும் சொன்னேன். பைக்கட்டு, தாலாட்டு, ஆணியில் மாட்டியது, அத்தையிடம் இல்லை என்றது.

"எத்தன நாளா இத வச்சிருந்த?"

"திங்கக்கெழமைலேருந்து."

அப்பா குந்தி உட்கார்ந்தார். இப்போது அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அவர் தாடை நடுங்கியது. பெரியவர்களுக்கும் பயம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நீ ஆட்டுனது துணி. துணி யாரையும் ஒண்ணும் செய்யாது. நெருப்ப வச்சது நான்" என்றார். கம்பவுண்டர் நிற்க, அத்தை நிற்க, எல்லோர் முன்னாலும் சொன்னார். அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டு, "எங்கூர்ல அப்படித்தான் சொல்லுவாங்கன்னு சொன்னேன் சாமி, எனக்கென்ன தெரியும்" என்றார்.

அடுத்த மாதம் உங்கள் சித்தப்பா நல்லபடியாகப் பிறந்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் கேட்பீர்கள்.

நீங்களும் ஏதாவது செய்துவிட்டு, அதனால்தான் வீட்டில் கெட்டது நடக்கிறது என்று பயந்தால் அன்றைக்கே என்னிடம் வந்துவிடுங்கள். பைக்கட்டு வைத்து ஆட்டியிருந்தாலும் வாருங்கள். நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் நெருப்பை வைத்தது வேறு யாராவதாக இருக்கும். நானாகவே கூட இருக்கும்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் கதவும் மூடவில்லை, சன்னலும் மூடவில்லை. நாங்கள் இருக்கிற துணியெல்லாம் போர்த்திக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சுருண்டு கிடந்தோம். அப்பா மட்டும் படுக்கவில்லை. ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பாப்பாவின் மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி திறந்த கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

காலையில் அவருக்கு மூக்கு அடைத்து, தொண்டை கட்டிப்போயிருந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். கம்பவுண்டர் பாப்பாவின் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். அவள் அவருடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தர மாட்டேன் என்றாள். பிறகு அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, என்ன ஆச்சு என்று தன் பாஷையில் கேட்டார்.

"நினக்கு எந்து பற்றி?"

அப்பா ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்:

"ராத்திரி பூரா காத்து கொண்டேங்க."